மூன்று வண்டி, மூன்று பாதை: கலாசிபாளையம் சந்தை வாகனங்களின் எஞ்சின் பற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரு கலாசிபாளையத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் தூத்துக்குடிக்காரர் ஒருவர், தம்மிடம் இருந்த மூன்று பிக்கப் வண்டிகளில் இரண்டை விற்றுவிட முடிவு செய்து, எந்த நிறுவனத்தின் எஞ்சினை நம்பி வாங்கலாம் என்று 2024 மே மாத இறுதியில் என்னிடம் கேட்டார். விற்க நினைத்த இரண்டும் மூன்று வயதைக்கூட எட்டாதவை. ஒன்று கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் உள்ள மேலுமலை ஏற்றத்தில் கொதித்து நின்றது. மற்றொன்று நகரத்துக்குள்ளேயே இழுவை இழந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுத்தது. ஏழு வயதான பழைய வண்டி மட்டும், புகை கக்கினாலும், கூப்பிட்டபோதெல்லாம் கிளம்பியது. “தம்பி, பழசு பழசுதான். புது எஞ்சின் எல்லாம் வெறும் தகரம்” என்று அண்ணாச்சி தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்ப்பதற்காகவே வண்டிகளை என் பட்டறையில் நிறுத்தி, சர்வீஸ் சீட்டுகளையும் ஓட்டுநர்களின் டிரிப் நோட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாட்கள் ஆராய்ந்தேன்.

வண்டிகளின் தயாரிப்பாளர் பெயரை இங்கே எழுதவில்லை. பழுதின் வேர் தயாரிப்பில் இல்லை என்ற முடிவுக்கு நான் வந்திருப்பதால், பெயரைச் சொல்வது அந்த நிறுவனங்களுக்கும் வாசகருக்கும் செய்யும் அநியாயமாகிவிடும். பழைய வண்டி, நடுவண்டி, சின்ன வண்டி என்றே குறிப்பிடுகிறேன். பழையது 2017-இல் வாங்கிய, பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) என்ற புகை மாசு விதிப்படி செய்த டீசல் வண்டி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆரும் உண்டு, புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப் கிடையாது. நடுவண்டியும் சின்ன வண்டியும் 2021 ஜூலையில் வாங்கிய, அதைவிடக் கண்டிப்பான பி.எஸ்.6 விதிப்படி செய்த டீசல் வண்டிகள். இரண்டிலும் டிபிஎஃப் உண்டு. நடுவண்டியின் எஞ்சின் கொள்ளளவில் பெரியது, சின்ன வண்டியினுடையது அதைவிடச் சிறியது.

முதல் இரண்டு ஆண்டுகள் எந்த வண்டியும் தொல்லை தரவில்லை. நடுவண்டி இரவில் கிருஷ்ணகிரியிலிருந்து தக்காளியும் காய்கறியும் ஏற்றி வந்தது. போக 90 கிலோமீட்டர், வர 90 கிலோமீட்டர். சின்ன வண்டி ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு ரோஜாவும் கீரையும் கொண்டு வந்தது. பழைய வண்டி கலாசிபாளையத்திலிருந்து சிவாஜி நகர், அல்சூர், இந்திரா நகர் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் சரக்கு இறக்கியது. யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல இது. வண்டிகள் வாங்கப்பட்ட வரிசையில் தானாக அமைந்தது.

2023 செப்டம்பரில் ஏற்பாடு மாறியது. நடுவண்டி ஓட்டுநருக்குக் குழந்தை பிறந்திருந்ததால், இரவு ஓட்டம் வேண்டாம், பகல் வேலை கொடுங்கள் என்று கேட்டார். அண்ணாச்சியும் மறுக்கவில்லை. இரண்டு வருடம் இரவெல்லாம் ஓடிய வண்டிக்கும் ஓய்வு கிடைக்கட்டும் என்று நடுவண்டியை நகர வேலைக்கு மாற்றினார். கிருஷ்ணகிரி லோடுக்குச் சின்ன வண்டியை அனுப்பினார். புகை விடும் பழையதைக் கையிருப்பாக நிறுத்திவிட்டு, பூ லோடை வாடகை வண்டிக்குக் கொடுத்தார். நகரத்து ஓட்டம் வண்டிக்கு லேசான வேலை என்ற நம்பிக்கைதான் இந்த மாற்றத்துக்கு அடிப்படை. சரக்கு வண்டி வைத்திருக்கும் பலரிடமும் நான் கேட்கும் நம்பிக்கை இது. டிபிஎஃப் இல்லாத காலத்தில் அதில் பெரிய தவறும் இல்லை.

நடுவண்டியின் எண்ணெய்

நடுவண்டியில் முதலில் நான் தொட்டது ஆயில் குச்சியை. வழக்கமாக நாம் பயப்படுவது எண்ணெய் குறைந்திருக்கிறதா என்றுதான். இங்கே எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. குச்சியிலிருந்து சொட்டிய விதமே வேறாக இருந்தது. எண்ணெய் இழைபோலத் தொங்காமல் தண்ணீர்போல உடனே விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. ஒரு சொட்டை உறிஞ்சுதாளில் விட்டு அரை மணி நேரம் வைத்தபோது, நடுவில் கரிய வட்டமும், அதைச் சுற்றி எண்ணெய் படர்ந்த பழுப்பும், அதற்கும் வெளியே கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் வளையமும் தெரிந்தன. அந்த வெளி வளையம் டீசலுடையது. ஆறு லிட்டர் இருக்க வேண்டிய தொட்டியிலிருந்து ஏறத்தாழ ஏழரை லிட்டர் வடிந்தது.

“ஆயில் குறையவே இல்லண்ணே, அதனால நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன்” என்று ஓட்டுநர் சொன்னதில் பொய் இல்லை. குறைந்தால் ஊற்ற வேண்டும் என்பதைத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூடினால் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டீசல் எண்ணெய்க்குள் வந்த வழி இது. இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபோது, டீசலில் இருக்கும் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் கட்டாயம் போல் ஆனது. வடிகட்டி புகைக்கரியைப் பிடித்து வைக்கிறது. பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கியாக வேண்டும். அந்த எரிப்புக்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் லோடுடன் ஓடும் வண்டியில் புகைக்குழாய் ஏற்கெனவே சூடாக இருப்பதால், கொஞ்சம் கூடுதல் உதவி கிடைத்தாலே வேலை முடிந்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடும் வண்டியில் புகை ஆறிப்போய் இருக்கும். ஆகவே எஞ்சின் கணினி, எரிதல் முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் சிறிதளவு டீசலைத் தாமதமாகத் தெளித்து, அது புகைக்குழாயில் எரிந்து சூடேற்றும்படி செய்கிறது. தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்கு இறங்கிவிடும். பெட்ரோலைப் போல டீசல் எளிதில் ஆவியாகிப் போகாது. இறங்கியது அங்கேயே தங்கும்.

இந்தச் சுத்திகரிப்பை ஓட்டுநர்கள் ரீஜென் என்கிறார்கள். ஒருமுறை தொடங்கினால் முடிய கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐடிலிங் சுழற்சி ஏறும், விசிறி சத்தம் போடும், வண்டிக்கு அடியிலிருந்து சூட்டு வாடை வரும். சிவாஜி நகர்ச் சந்து ஒன்றில் முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், கடைக்காரர் முகம் சுளிப்பார், ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். அடுத்த முறை கிளப்பியதும் கணினி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், மீண்டும் டீசல் தெளிக்கும், மீண்டும் பாதியில் அணையும். ஸ்கேனரை இணைத்தபோது, பாதியில் நின்ற ரீஜென்களின் எண்ணிக்கை முழுதாக முடிந்தவற்றைவிடப் பல மடங்கு இருந்தது. வடிகட்டியில் கரி அளவு மீறியதால் கணினி வண்டியை லிம்ப் மோடில் தள்ளி, வேகத்தைக் கட்டிவைத்திருந்தது. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த காரியத்தைத்தான் அண்ணாச்சி எஞ்சின் செத்துப்போனதாக எடுத்துக்கொண்டார்.

இந்த நிகழ்விலிருந்து நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது ஒரு சிறு கணக்கை. கையேட்டின்படி 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரி ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 180 கிலோமீட்டர், எஞ்சின் ஓடும் நேரம் நாலரை மணி. அந்தக் கணக்கில் 20,000 கிலோமீட்டர் என்பது சுமார் 500 மணி நேர உழைப்பு. நகர ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர்தான். ஆனால் நெரிசலிலும் இறக்கும் இடங்களிலும் சேர்த்து எஞ்சின் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. எட்டு மாதத்தில், ஏறத்தாழ 200 வேலை நாட்களில், மீட்டர் காட்டியது வெறும் 9,000 கிலோமீட்டர். எஞ்சின் உழைத்ததோ 1,000 மணி நேரம். கிலோமீட்டரைப் பார்த்தவர்களுக்குப் பாதித் தவணைகூட ஆகவில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை இரண்டு தவணை முடிந்து போயிருந்தது, அதுவும் டீசல் கலந்து நீர்த்த எண்ணெயாக. டர்போ தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தபோது ஆட்டம் தெரிந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய தண்டு, எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. படலம் மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும்.

இன்னொன்றும் இருந்தது. கடைசி சர்வீஸில் ஊற்றிய எண்ணெய் பழைய வண்டிக்கு வாங்கி வைத்த டின்னிலிருந்து எடுத்தது. டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். கரியை எரிக்கலாம், எண்ணெயின் உலோகச் சேர்மானங்கள் விட்டுச்செல்லும் சாம்பலை எந்த ரீஜெனாலும் எரிக்க முடியாது, வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

சின்ன வண்டியும் மேலுமலையும்

சின்ன வண்டியின் கதை வேறு. அதன் டிபிஎஃப் சுத்தமாக இருந்தது, எண்ணெய் சரியான கோட்டில் இருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, சிலிண்டர் ஹெட் லேசாக வளைந்திருந்தது, கிளட்ச் தட்டு கருகியிருந்தது.

கிருஷ்ணகிரியைவிட ஓசூர் சுமார் 400 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. அந்த உயர்வின் பெரும்பங்கு சூளகிரிக்கு முன்பே மேலுமலை ஏற்றத்தில் வந்துவிடுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ சமதளம். ஆக, ஓசூர் ரோஜாவைச் சுமந்த வண்டிக்கும் கிருஷ்ணகிரி தக்காளியைச் சுமந்த வண்டிக்கும் ஒரே நெடுஞ்சாலை என்றாலும் வேலை ஒன்றல்ல.

இதை எண்ணில் காட்டுவது நல்லது. மொத்த எடை 3 டன் உள்ள ஒரு வண்டி நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, ஈர்ப்பும் டயர் உராய்வும் காற்றும் சேர்த்துச் சுமார் 1,970 நியூட்டன் விசையை வெல்ல வேண்டும். சக்கரத்தில் அது ஏறத்தாழ 22 கிலோவாட், அதாவது 30 குதிரைத் திறன். இந்த எடைக்கென விற்கும் டீசல் பிக்கப்புகள் பொதுவாக இதைவிட இரு மடங்கு திறனைக் காகிதத்தில் காட்டுகின்றன. அந்தத் திறன் எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பட்டறையில் டார்க் என்று சொல்லும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 31 கிலோவாட்டைக் கொடுத்துவிடும். கியரிலும் டிஃபரன்ஷியலிலும் இழப்பது போக மிச்சமும் இருக்கும். 150 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் அதே சுழற்சியில் 23.5 கிலோவாட்தான் தரும். இழப்பு போகப் போதாது. அது கியரைக் குறைத்து, சுழற்சியை 2,000-க்கு மேல் ஏற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடிதான் ஏற வேண்டும். அப்படி ஏறுவது குற்றமில்லை, அதற்காகத்தான் கியர் இருக்கிறது. ஆனால் தக்காளி விலை ஏறிய வாரங்களில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி, மொத்தம் 4 டன்னை நெருங்கியபோது, தேவை 29 கிலோவாட்டாக உயர்ந்தது. எஞ்சின் தன்னால் முடிந்த அனைத்தையும் ஏற்றம் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் இழைகளில் புழுதியும் பூச்சியும் அடைத்திருந்தன. வண்டியின் வேகம் குறைவாக இருந்ததால் முகப்பில் அடிக்கும் காற்றும் குறைவு. கொதிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

ஓட்டுநரின் மேல் இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை பெட்டி ஏற்றுவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

எஞ்சின்களை எப்படி ஒப்பிடுவது

அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். சந்தையில் உள்ள பிக்கப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, குதிரைத் திறனைவிட ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எத்தனை குதிரைத் திறன் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதே எனக்குப் பயன்படுகிறது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 2,523 சி.சி. எஞ்சின் சுமார் 75 குதிரைத் திறன் தருகிறது, லிட்டருக்கு 30. டாடா யோதா 2.0 வண்டியின் 2.2 லிட்டர் எஞ்சின் 100 குதிரைத் திறனும் 250 நியூட்டன் மீட்டரும் தந்து 2 டன் சுமக்கிறது. லிட்டருக்கு 45-ஐ ஒட்டி. 2020-இல் வந்த அசோக் லேலண்டின் படா தோஸ்த், 1,478 சி.சி. மூன்று சிலிண்டரில் 80 குதிரைத் திறன் எடுக்கிறது, லிட்டருக்கு 54. பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் 2,755 சி.சி.யில் 204 எடுக்கிறது, லிட்டருக்கு 74. எண் கூடக்கூட எஞ்சின் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. எண் கூடக்கூட டர்போ, இன்ஜெக்டர், எண்ணெய், கூலன்ட் ஆகியவை பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அளவு குறையும், பராமரிப்பில் கண்டிப்பு கூட வேண்டும் என்பதே பொருள். குறைந்த எண் கொண்ட எஞ்சின் மந்தமாகத்தான் ஓடும். ஆனால் எடை கூடிய நாளையும் சர்வீஸ் தள்ளிப்போன மாதத்தையும் ஓரளவு மன்னிக்கும்.

வெளிநாட்டு அனுபவமும் ஓட்டத்தின் பங்கை அழுத்திக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே விற்கப்பட்ட ஹைலக்ஸ் உள்ளிட்ட டொயோட்டா டீசல் வண்டிகளின் டிபிஎஃப் அமைப்பு குறையுடையது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அங்கே குறையை வெளிக்கொணர்ந்தது நகர நெரிசல் இல்லை. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓடும் நெடுஞ்சாலை ஓட்டம். நம் நடுவண்டிக்கு மருந்தாக இருந்ததே அந்த அமைப்புக்கு நோயாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு வண்டிகளில் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் நீடித்து உழைத்துப் பெயர் வாங்கியது. அதற்கு அடுத்து வந்த 6.0 லிட்டர் எஞ்சின், ஆயில் கூலர் அடைத்து, அதனால் இஜிஆர் கூலர் வெடித்து, ஹெட் கேஸ்கெட் போகும் தொடர்பழுதால் பெயர் கெட்டது. இரண்டையும் செய்து கொடுத்தது ஒரே நவிஸ்டார் நிறுவனம்தான். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து எஞ்சினை நம்புவதோ வெறுப்பதோ பயன் தராது.

பழைய வண்டியின் பெருமையையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். அது நகரத்தில் நீடித்ததற்குக் காரணம் வடிகட்ட வேண்டிய கரியை வடிகட்டாமல் அல்சூர்க் காற்றில் விட்டதுதான். அதன் இஜிஆர் வால்வையும் இன்டேக் குழாயையும் இருமுறை கழற்றிக் கரியைச் சுரண்டியிருக்கிறார்கள். டிபிஎஃபைக் குடைந்து எடுத்துவிட்டுக் கணினியையும் ஏமாற்றித் தருகிறோம் என்று சிலர் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது; அந்தச் சந்துகளில் நாள் முழுதும் நின்று மூட்டை இறக்குபவர்களின் நுரையீரலுக்குச் செய்யும் கேடும்கூட. என் பட்டறையில் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செய்தது இவ்வளவுதான். நடுவண்டியின் டிபிஎஃபைக் கழற்றிச் சுத்தம் செய்து, டர்போவின் உட்பகுதியை மாற்றி, சாம்பல் குறைந்த எண்ணெய் ஊற்றி, 500 கிலோமீட்டரில் அதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். சின்ன வண்டிக்கு ஹெட்டைச் சமன்செய்து, கேஸ்கெட், கிளட்ச், கூலன்ட் மாற்றினோம், ஜே.சி. ரோட்டில் பாகம் கிடைக்கவே ஒரு வாரம் ஆனது. பிறகு நடுவண்டி கிருஷ்ணகிரிக்கும் சின்ன வண்டி ஓசூர்ப் பூவுக்கும் திரும்பின. பகல் வேலை கேட்ட ஓட்டுநர் வண்டி மாறிப் பழையதை ஓட்டுகிறார்; நகர ஓட்டத்துக்கு இனி வண்டி வாங்கினால் டிபிஎஃப் தேவைப்படாத சி.என்.ஜி. வண்டியைப் பாருங்கள் என்று அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டாடா இன்ட்ரா வி20 போல ஒரு டன் சுமக்கும் இரட்டை எரிபொருள் வண்டி அந்த வேலைக்குப் போதும். கடைகளுக்கு அனுப்பும் லோடு ஒரு டன்னைத் தாண்டுவதே இல்லை.

நடுவண்டியின் கிராங்க் பேரிங்குகளை நான் திறந்து பார்க்கவில்லை. சூடான ஐடிலிங்கில் எண்ணெய் அழுத்தம் கையேட்டின் கீழ் எல்லைக்கு மேலே இருந்ததால் திறக்காமல் விட்டோம். அந்த வண்டிக்கு இப்போது கிலோமீட்டருடன் எஞ்சின் மணி நேரத்தையும் குறிக்கும் நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளிர்ந்த எஞ்சினில் குச்சியை எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஓட்டுநர் அதில் எழுதுகிறார். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை நான் அளக்கிறேன்.